ரயிலில் படித்த புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, மண்ணடியில் ஒரு மொத்த இரும்புக் கடைக்குக் கணக்கு எழுதப் போகிறேன். பதினாறு வருடமாக இதே பாதைதான். கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக நிற்பதையும் சேர்த்தால் போக அரை மணி, வர அரை மணி. அந்த ஒரு மணி நேரம்தான் நான் படிக்கிற நேரம். கடந்த ஒன்றரை வருடத்தில் படித்தவை பற்றி ரயில் சிநேகிதிகளும், கடையில் இருப்பவர்களும், தெருவில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. வாயால் பதில் சொன்னபோது அவசரத்தில் விட்டுப்போனதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அதில் வருகிறவர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். எழுதியவர் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாரா என்று அடுத்து பார்ப்பேன். காதல், சண்டை, சாவு எல்லாம் அப்புறம்.

ஒரு வார இதழில் வந்த சிறுகதையில் ஒரு பையன் 12 மி.மீ. கம்பி இருபதைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம். கடைக்கு வருவது 12 மீட்டர் நீளம். அப்படியானால் ஒரு கம்பியே பத்தரைக் கிலோவுக்கு மேல்; இருபது கம்பி 213 கிலோ. தினமும் எடைச் சீட்டு பார்க்கிற எனக்கு, அந்த வரியைத் தாண்டிய பிறகு அவனுடைய அம்மா செத்துப்போனதைக்கூட நம்ப முடியவில்லை. எங்கள் கடையில் லோடு இறக்குகிற அண்ணன்கள் தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று பிடித்து, கம்பி துள்ளுகிற துள்ளலுக்குத் தகுந்தபடி காலை எடுத்து வைப்பார்கள். நீளக் கம்பி நடுவில் வளைந்து மேலும் கீழும் ஆடும். அதன் ஆட்டத்தோடு சேர்ந்து நடக்காவிட்டால் தோள்பட்டை போய்விடும். அதை ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் மிச்சக் கதை முழுவதையும் நம்பியிருப்பேன்.

புதிதாகப் படிக்க ஆரம்பிக்கிறேன். எதில் தொடங்கலாம்?

அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்'. சின்னப் புத்தகம். நான் நான்கு நாள் ரயிலில் முடித்தேன். சென்னையில் தண்ணீர் இல்லாத ஒரு காலம், ஒரு தெரு, ஜமுனா என்று ஒருத்தி, அவள் தங்கை சாயா. ஜமுனா சினிமாவில் கதாநாயகி ஆகலாம் என்று நம்பி ஏமாந்து கிடக்கிறாள். தெருவில் எல்லாரும் குடத்தோடு அலைகிறார்கள். கதை அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் படித்து முடித்தபோது எனக்குக் கை வலித்த மாதிரி இருந்தது.

2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்தன. எங்கள் தெருமுனைத் தொட்டிக்கு லாரி நடுராத்திரிக்குத்தான் வரும். சாயங்காலமே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட வேண்டும். காலிக் குடம் காற்றில் உருண்டுவிடும் என்று உள்ளே ஒரு அரைச் செங்கல்லைப் போட்டு வைப்போம். என்னுடைய குடம் பச்சை, எதிர் வீட்டு அக்காவுடையதும் பச்சை. அதனால் என் குடத்தின் கழுத்தில் பழைய துப்பட்டாவின் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். லாரி வந்ததும் அத்தனை செங்கல்லும் ஒரே நேரத்தில் தரையில் விழுகிற சத்தம் இருக்கிறதே, அது இன்னும் காதில் இருக்கிறது.

தண்ணீருக்கு நிற்கிறவர்களுக்குள் நட்பும் உண்டு, வன்மமும் உண்டு, இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நிமிடத்தில் வரும் என்பதை அந்த நாவல் அப்படியே பிடித்திருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்னால், 1970களின் தொடக்கத்தில் எழுதியது. அடிபம்பு போய்த் தொட்டி வந்ததைத் தவிர மாறியது என்ன என்று நினைத்தேன். அதில் வருகிற டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தை ராயபுரம் வந்ததும் மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் முதலிலிருந்து படித்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். சாயா வேலைக்குப் போகிறாள். அவள் வேலை பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் கூடக் காட்டியிருக்கலாம். வீட்டில் இவ்வளவு துன்பத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் அலுவலகத்தில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

'அசுரன்' படம் பார்த்துவிட்டேன். 'வெக்கை' படிக்க வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். பூமணி அதை எழுதியது 1982-ல். படம் வந்தது 2019-ல். படத்தில் அப்பாதான் நடுநாயகம். புத்தகத்தில் பையன் சிதம்பரம்தான் எல்லாம். அவனுக்கு வயது பதினைந்து. எதிரியின் கையை மட்டும் வெட்டலாம் என்று போனவன் ஆளையே முடித்துவிடுகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தத் திரிதல்தான். எதைப் பிடுங்கித் தின்னலாம், எங்கே தண்ணீர் இருக்கும், புகை வெளியே தெரியாமல் எப்படிச் சமைப்பது என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போகிறார். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு தகப்பன் சோறு பொங்கிப் போடுகிற அந்தப் பக்கங்களில் எனக்கு என் நைனா ஞாபகம் வந்தது. மில் மூடிய பிறகு வீட்டில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்டது அவர்தான். கரிசல் பேச்சு முதல் இருபது பக்கம் கொஞ்சம் இடறும். வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

அவ்வளவு பெரிய 'ஆழிசூழ் உலகு' எப்படிப் படித்தீர்கள்? மீனவர் வீடு என்பதால் பிடித்ததா?

என் கணவர் வீடு காசிமேடு. மாமா, அதாவது என் மாமனார், நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் பேச்சுத் துணைக்கு ஆள் நிறைய இருக்கும் என்பதால், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த நாவலை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஜோ டி குரூஸ் 2004-ல் எழுதியது. தெற்கே ஆமந்துறை என்கிற கடற்கரை ஊர், 1933 முதல் 1985 வரை மூன்று தலைமுறை. மூன்று பேர் நடுக்கடலில் தத்தளிப்பதில் தொடங்கி, ஊர்க்கதையும் கடலும் மாறி மாறி வரும்.

நான் படிக்க, மாமா நடுநடுவே நிறுத்துவார். நீரோட்டத்தை அந்தப் பக்கத்தில் நீவாடு என்று சொல்வார்கள். அந்தச் சொல் வந்ததும், "இரு இரு, அது என்னா?" என்றார். விளக்கினேன். "சரி, வெள்ளத்த சொல்றான்" என்றார். காசிமேட்டில் வெள்ளம் என்றால் கடல் நீரோட்டம். தெற்கே இருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கே இருந்து தெற்கே ஓடினால் வண்ணி. உடனே எழுந்துபோய்ச் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஒரு தீக்குச்சியைக் கிள்ளிப் போட்டார். தட்டைச் சாய்த்து, தெண்டி ஓடும்போது வலை எந்தப் பக்கம் இழுக்கும், மேலே காற்று ஒரு பக்கமும் அடியில் வெள்ளம் ஒரு பக்கமும் போனால் கட்டுமரம் எப்படித் திரும்பும் என்று காட்டினார். திருமணமாகி இருபத்து மூன்று வருடம். அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தத்தளிக்கிற பகுதிகள் வரும்போது மட்டும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். வெற்றிலையைக்கூட மடிக்காமல் கையில் வைத்திருப்பார். ஒருநாள், "போதும், நாளைக்குப் படி" என்று எழுந்து போய்விட்டார். அவருடைய தம்பி கடலில் போனவர், உடல் கிடைக்கவில்லை என்று பிறகு என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் இந்தப் புத்தகத்தைப் பற்றி நடுநிலையாகப் பேச என்னால் முடியாது. ஆனாலும் ஒன்று. ஆட்கள் அதிகம். யார் மகன் யார், யார் மருமகள் யார் என்று கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வம்சப் படம் போட்டுக்கொண்டேன். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஆண் பெண் உறவு பற்றி எழுதியிருக்கும் சில இடங்களை மாமாவுக்கு முன்னால் படிக்க முடியாமல் தாண்டினேன். தனியாகப் படித்தபோதும் அவற்றில் இரண்டு மூன்று தேவையில்லாமல் நீள்வதாகத்தான் பட்டது.

'பொன்னியின் செல்வன்' பிடிக்காது என்று சொன்னீர்களாமே?

அப்படிச் சொல்லவில்லை. ஐந்து பாகத்தையும் படித்தேன். முதல் இரண்டு பாகம் படித்தபோது பீச் ஸ்டேஷன் வந்ததே தெரியவில்லை. நான்காம் பாகத்தில் அரண்மனைப் பேச்சு அதிகமாகி எனக்கு அலுப்புத் தட்டியது. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர் அது. ஒவ்வொரு வாரமும் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த அலுப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு அதில் பூங்குழலிதான். கோடியக்கரைப் பெண், தனியாகப் படகு வலித்துக்கொண்டு கடலுக்குள் போகிறாள். இளவரசிகளை விட அவளை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நடுவில் நிறுத்திய புத்தகம் உண்டா?

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008-ல் வந்தது, 2011-ல் சாகித்திய அகாடமி பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். நின்றுகொண்டே பயணம் செய்கிற நாளில் ஒரு கையால் அதைப் பிடிக்க முடியாது. அதைவிட, தொடக்கத்தில் வருகிற மன்னர்களின் வரலாற்றில் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. முந்நூறு பக்கத்தில் வைத்துவிட்டேன். கடையில் ஒரு மதுரைக்கார அண்ணன், "நீங்க அவசரப்பட்டுட்டீங்க. கதையில வர்ற தாதனூர்க்காரங்க ராத்திரியில கன்னம் வைக்கிறதும், அதான் சுவத்துல ஓட்டை போட்டுத் திருடுறதும், காவல் காக்கிறதும் அப்புறந்தான் வரும், அந்தத் தொழில் நுணுக்கம் உங்களுக்குப் பிடிக்கும்" என்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுக்கப் போகிறேன்.

ராத்திரி தூக்கம் வராமல் செய்த புத்தகம்?

'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் என்கிற மருத்துவர் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1969-ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதைத் தமிழாக்கியிருக்கிறார். 2013-ல் வந்த 'பரதேசி' படத்துக்கு இதுதான் அடிப்படை. கருப்பன், வள்ளி என்று ஒரு இளம் தம்பதி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலைக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த முன்பணம்தான் கதை.

குளிர், அட்டை, காய்ச்சல், அடி எல்லாம் அதில் உண்டு. என்னை உட்கார வைத்தது வருடக் கடைசியில் கணக்கு முடிக்கிற இடம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம், நாள் கடைசியில் இரண்டும் நேராக வேண்டும், ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக மாட்டேன். அந்தக் கணக்கைப் பெருமையாக நினைத்திருந்தேன். இந்தப் புத்தகத்திலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கூலி வரவு, முன்பணம், அரிசி, கம்பளி எல்லாம் பிடித்தம். கூட்டிக் கழித்தால் வருடம் முழுக்க உழைத்தவன் இன்னும் கடன்காரன். பேரேட்டில் ஒரு தப்பும் இல்லை. படித்த அன்று கடையில் லோடுமேன்களின் முன்பணக் கணக்கை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எவ்வளவு நிற்கிறது, எத்தனை மாதமாக நிற்கிறது என்று தனித் தாளில் எழுதினேன். ஒருவருக்கு இரண்டு தடவை பிடித்தம் போயிருந்தது, என் கையெழுத்தில்தான். முதலாளியிடம் சொல்லி அந்த வாரக் கூலியோடு சேர்த்துக் கொடுக்க வைத்தேன். அவர் வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வரவில்லை. தமிழில் எழுதியது போலவே ஓடுகிறது.

வடசென்னையைப் பற்றி நல்ல புத்தகம் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் நிறைய பதில் இருக்கிறது, ஒன்றும் முழுசாக இல்லை.

தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' 2018-ல் வந்தது. அது சிந்தாதிரிப்பேட்டை, கூவம் கரை. நம் பக்கம் கிடையாது. ஆனால் பேச்சு நம் பேச்சு. நைனா பேசியது, ஆயா திட்டியது எல்லாம் அச்சில் வந்தபோது முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம், இத்தனை வருடம் எதற்காகக் கூச்சப்பட்டோம் என்று கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் "குந்து" என்று சொன்னதற்காக என்னை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். அது பழந்தமிழ் சொல் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, அந்த டீச்சருக்கும் தெரிந்திருக்காது.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' 1870களின் பெரும் பஞ்ச காலத்து மெட்ராஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருந்த ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம், அங்கே வேலை செய்தவர்களின் போராட்டம். கதையின் நாயகனான வெள்ளைக்கார அதிகாரி பஞ்சத்தை நேரில் பார்க்கப் போகும் பயணத்தைப் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. அந்த எழுத்துக்கு அவ்வளவு வலு. ஆனால் எல்லாமே அந்த அதிகாரியின் கண் வழியாக வருகிறது, அவர் தனக்குள் நிறைய யோசிக்கிறார். ஐஸை அறுத்துத் தூக்கியவர்களின் விரலுக்குள் போய் எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து லாஞ்சில் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் விரல் நுனி வெளுத்து, கொக்கி பிடித்த கையை விரிக்க முடியாமல் மற்றொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார்கள்.

கதையில்லாமல் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்'. 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, அதைத் தொடங்கிய வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தம் எல்லாவற்றிலும் கூட நின்றவர் எழுதியது. நடை நிதானமானது, பழைய தமிழ். மெதுவாகத்தான் போகும். புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி என்று நான் தினம் கேட்கிற இடத்தில் இவ்வளவு நடந்ததா என்று நின்று நின்று படித்தேன்.

நைனா அந்த மில்லில்தான் நெசவு வேலை பார்த்தார். காக்கித் துணி. மில் சங்கு ஊதுகிற சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலையை வைப்பார்கள். 1996-ல் மில் மூடியது. அந்தச் சங்கு நின்ற பிறகு முதல் சில மாதம் ஆயா நேரம் தெரியாமல் வாசலில் வந்து வந்து நிற்பார். இதையெல்லாம் சொல்கிற நாவல்தான் எனக்கு வேண்டும். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் வீட்டிலும் சத்தமாகவே பேசுவார்கள், அதைச் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். கத்தியும் கும்பலுமாக நம் ஊரைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சு புண்ணாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரிசையாக வந்த ஆயிரக்கணக்கான பேரை யாராவது நிதானமாக எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

புத்தகங்களை எங்கே வாங்குகிறீர்கள்?

பாதி நூலகம். சொத்து வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948-ல் வந்த நூலகச் சட்டத்திலிருந்து நடப்பது அது. நாம் கட்டிய பணத்தில் வாங்கிய புத்தகம் அங்கே இருக்கிறது, போய் எடுங்கள். கேட்கிற புத்தகம் கிளை நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு எழுதி வையுங்கள்; 'கோபல்ல கிராமம்' எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

புதுப் புத்தகம் என்றால் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி, பத்து சதவீதம் கழிவு. பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த கடைகள் வந்த இடம். நைனா மூர் மார்க்கெட்டில் எனக்குப் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பழையதோ புதியதோ, வாங்கும்போது பக்க எண்ணைப் புரட்டிப் பாருங்கள். ஒரு கடையில் வாங்கிய புது நாவலில் 128-க்கு அடுத்து 145 வந்தது. ஒரு பாரம், பதினாறு பக்கம், பைண்டிங்கில் விட்டுப்போயிருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, "படிச்சுட்டுக் கொண்டு வந்திருக்கீங்க" என்றார்கள். படிக்காமல் எப்படித் தெரியும்?

கைபேசியில் படிக்கலாமே?

என்னால் முடியவில்லை. கடையில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வயதானவர்களுக்குப் படித்துக் காட்ட எது நல்லது?

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976-ல் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த வாரம் முழுக்க அதைத்தான் படித்தேன். தெலுங்கு பேசும் மக்கள் வடக்கே இருந்து தப்பித் தெற்கே கரிசலுக்கு வந்து காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதை. 137 வயது மங்கத்தாயார் பாட்டி சொல்கிறாள். துரத்தி வருகிறவர்களிடமிருந்து தப்பிக்க ஆற்றங்கரை மரம் வளைந்து கொடுத்து அக்கரை சேர்க்கிற இடம் வந்தபோது அம்மா, "நிஜமாத்தான் இருக்கும்" என்றார். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் நெல்லூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்குதான். தன் பாட்டியும் இப்படி ஒரு மரத்தைப் பற்றிச் சொல்வாள் என்று ஆரம்பித்து அவர் ஒரு கதை சொன்னார், அன்றைக்குப் புத்தகம் நகரவில்லை.

இந்த நாவலில் நான் குறையாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

பெரிய எழுத்தாளர்களைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால்?

கேட்டிருக்கிறார்கள். நூறு ரூபாயோ ஐந்நூறு ரூபாயோ கொடுத்து, நின்றுகொண்டே படித்திருக்கிறேன். பிடித்ததைப் பத்துப் பேரிடம் சொல்லி வாங்க வைத்திருக்கிறேன். பிடிக்காததைப் பிடித்தது என்று சொன்னால், அடுத்த தடவை நான் நல்லது என்று சொல்வதை அந்தப் பத்துப் பேரும் நம்ப மாட்டார்கள். 'தண்ணீர்' படித்துவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து வருகிற ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, இதுல ஒண்ணுமே நடக்கலையே" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். நாங்கள் அதைப் பற்றியே இரண்டு நாள் பேசினோம்.

இப்போது என்ன படிக்கிறீர்கள்?

டி. செல்வராஜின் 'தோல்'. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் கதை, 2012-ல் சாகித்திய அகாடமி கிடைத்தது. இதுவும் கனமான புத்தகம்தான், உட்கார இடம் கிடைக்கிற நாளில் மட்டும் எடுக்கிறேன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிறவர்களின் கால் எப்படி இருக்கும் என்று எழுதியிருக்கும் பக்கத்தில் இருக்கிறேன். நேற்று பெரியமேட்டுக்குக் கடை வேலையாகப் போனபோது, தோல் கட்டுகள் அடுக்கிய ஒரு வாசலில் அந்த வாடை வந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். மாமாவுக்கு இதையும் படித்துக் காட்டச் சொல்கிறார். அடுத்த தடைக்காலம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.